கரையில் நின்று கை தட்டுவேன்

ஜூன் 4, ஞாயிறு

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். என் அக்காள் மகள் ஆஷ்லின் கிடாரைத் தோளில் மாட்டிய அன்றே, இவள் பாட்டு ஊரைப் பிடித்து ஆட்டும் என்று சொன்ன ஒரே ஆள் இந்தத் தூத்துக்குடியில் நான்தான். இன்று பூசை முடிந்து வரும் வழியில் டீக்கடை, சலூன், மினி பஸ் எங்கும் அவள் பாட்டுத்தான். "நீங்க சொன்னதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறாள் என் மனைவி ஜெசிந்தா. அதற்காகத்தான் இந்த டைரி. இனி நடக்கப்போவதும் எனக்கு முன்பே தெரியும் என்பதைப் பின்னால் வருகிறவர்கள் இதில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் பெர்க்மான்ஸ். ஸ்டெல்லா ஒலி ஒளி அமைப்பின் உரிமையாளர். படிப்பு ஒன்பதாம் வகுப்பு வரை. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடத்திடம் சரக்கு இல்லை.

ஆஷ்லினின் குழுவுக்குப் பெயர் கச்சான். இந்த மாதத்தில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்றின் பெயர். அவர்கள் பாடுவது ராக். ராக் என்றால் பாறை, கேட்பவன் அசையாமல் நிற்கவேண்டும் என்று கச்சேரிக்கு வந்த பையன்களுக்கு நான் விளக்கினேன். அவர்கள் ஆடினார்கள். அது அவர்களுடைய அறியாமை.

பாட்டு இப்படித் தொடங்கும்:

அவ மாடியில மட்டும் மழ பெய்யுது
எங் கொடத்துல காத்து நெறையுது

சிநேகிதிக்கு எல்லாம் தானாக வந்து சேர்வதைப் பார்த்து ஒருத்தி பொறாமையில் வேகிற பாட்டு. யார் அந்த 'அவ' என்று ஊரே கேட்கிறது. எனக்குத் தெரியும். டீக்கடையில் ரகசியமாகச் சொன்னேன். கடையில் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

ஜூன் 7, புதன்

ஹார்ன் ஸ்பீக்கர் ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது. புகை போட்டு எடுத்தேன். ஒரு குளவி என் காதுக்குப் பின்னால் கொட்டியது. அசையவில்லை நான். ஜெசிந்தா நான் அடுத்த தெரு வரை ஓடினேன் என்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியாது.

சாயங்காலம் ஆஷ்லின் வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, டீக்கடையில நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணுஞ் சொல்லலயே."

"பிரிசில்லாவப் பத்தின பாட்டுன்னு சொல்லிருக்கிய. அவ மார்க்கெட்டுக்குப் போனா பயலுவ பின்னால நின்னு பாடுதானுவ, 'அவ மாடியில மட்டும்'னு."

"புகழ்தானட்டி அது."

பிரிசில்லாவும் ஆஷ்லினும் சின்ன வயதில் முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்பில் ஒரே பெஞ்சு. கோவில் பாடற்குழுவிலும் ஒன்றாக நின்றார்கள், கச்சானிலும் ஒன்றாகப் பாடினார்கள். ஆஷ்லின் காலையில் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கத்தி, ஒரு உயரமான ஸ்வரத்தைப் பிடிப்பாள். பிரிசில்லா கத்தரிக்காய் வாங்கிக்கொண்டே அதைப் பிடிப்பாள். கிறிஸ்துமஸ் பூசையில் தனிப்பாட்டு பிரிசில்லாவுக்குப் போயிற்று. அப்புறம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கச்சானை விட்டும் போகப்போவதாக முடிவானது. அதை ஆஷ்லினிடம் முதலில் சொன்னது பிரிசில்லா இல்லை, நான். அந்த எரிச்சலில் எழுதிய பாட்டு. எரிச்சல் நான்கு வாரத்தில் போய்விட்டது. பாட்டு போகவில்லை.

"எழுதும்போது கோவம் மாமா. இப்பம் அத யாராவது பாடிக் கேட்டா எனக்குக் காது கூசுது. நெட்டுல எல்லாத்துலயும் இருந்து எடுத்துப் போட்டாச்சு. ஆனா எல்லார் போன்லயும் கெடக்குதே."

கண்ணீர் வருமோ என்று பயந்து, ஹார்னுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். நன்றாக அடித்தாள்.

ஜூன் 10, சனி

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. பிரிசில்லாவின் புருஷன் டெல்வின் புதிதாக விசைப்படகு கட்டியிருக்கிறான். திங்கள்கிழமை மந்திரிப்பு. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, படகைத் தண்ணீரில் இறக்குவார்கள். மைக் செட் நம்முடையது. மீன்பிடித் தடைக்காலம் புதன்கிழமையோடு முடிகிறது. வியாழன் அதிகாலை எல்லாப் படகுகளும் கடலுக்குப் போகும்போது இதுவும் போகவேண்டும்.

டெல்வினே நேரில் வந்து கேட்டான். ஊரில் வேறு எவன் இருக்கிறான்.

ஜூன் 12, திங்கள்

மந்திரிப்பு சிறப்பாக நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. இடையில் பென் டிரைவில் ஒரு சின்னக் கோளாறு.

ஜூன் 13, செவ்வாய்

நேற்றைய கோளாறைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை எழுதி வைப்பது என் கடமை.

சாமியார் செபித்து முடித்தார். படகுக்கு மாலை போட்டார்கள். தண்ணீருக்குச் சரிவாகப் போட்ட வாரிப்பலகையில் படகு நகரத் தொடங்கியது. மாதா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பென் டிரைவ் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவி, ஆஷ்லினின் பாட்டை எடுத்துவிட்டது. மழை, மாடி என்று நல்ல வார்த்தைகள்தானே. ஜனங்கள் தலையாட்டினார்கள். நான் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் இது என் மருமகள், தாளம் எல்லாம் நான் பழக்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகப் படகின் மூக்கு தண்ணீரைத் தொட்ட நேரம், நான்கு ஹார்னிலும் முழுச் சத்தத்தில்:

அவ படகு கவுந்தா கேளு கண்ணே
கரையில நின்னு கை தட்டுவேன்

டிரம்ஸ் வேறு அந்த இடத்தில் தட்டு தட்டென்று தட்டும்.

சாமியார் கையில் தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றார். படகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது, அதை யாரும் நிறுத்த முடியாது.

ஜெசிந்தா இன்று மதியம் சோறு போடும்போது கேட்டாள், "பென் டிரைவுக்குக் கை இருக்கா?"

"இப்போ வர்ற பென் டிரைவெல்லாம் அப்படித்தான்."

"ஏங்க, அந்த வரி பாட்டுல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்."

உண்மை என்னவென்றால், பாட்டின் முதல் இரண்டு வரி வந்ததும் நான் பக்கத்தில் இருப்பவரிடம் அதைப் பற்றி விளக்கத் தொடங்கிவிடுவேன். நான் விளக்கி முடிக்கும்போது பாட்டும் முடிந்திருக்கும். மூன்றாவது அடியை இதுவரை கேட்க நேரம் கிடைத்ததில்லை. இதை ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, வியாழன்

விடியற்காலையில் படகுகள் எல்லாம் போயின. சத்தம் நம் வீடு வரை கேட்டது. டெல்வினின் படகு மட்டும் மீன்பிடித் துறைமுக ஜெட்டியில் கட்டிக்கிடக்கிறது. டிரைவர் கித்தேரியான் அண்ணன் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் ஏறவில்லையென்றால் மற்றவர்களும் ஏறமாட்டார்கள். இரண்டு பேர் வேறு படகுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சனிக்கிழமை வரை பார்ப்போம் என்று டெல்வின் கெஞ்சி வைத்திருக்கிறான். ஆள் போனால் இந்த சீசனில் திரும்பக் கிடைக்காது.

டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வடை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

ஆஷ்லின் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து, பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். கத்தவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"பென் டிரைவு..." என்று தொடங்கினேன்.

"விடுங்க மாமா. வரி என்னுது. நீங்க போட்டது மட்டுந்தான்."

நான் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கடல்ல போறவிய இருக்குற ஊர்ல பொறந்துட்டு, படகு கவுரட்டும்னு எழுதிருக்கேன். எங்க அப்பா கேட்டா செருப்பால அடிச்சிருப்பாவ. எழுதும்போது அது படகாவே தெரியல மாமா. சும்மா ஒரு சொல்லு மாதிரி இருந்துச்சு. எதுகை சரியா வந்துச்சு, விட்டுட்டேன்."

அவள் அப்பா, என் மச்சான், கடலில் போனவர் கரைக்கு வரவில்லை. ஆஷ்லினுக்கு அப்போது நான்கு வயது. இதை நான் இந்த டைரியில் எழுத நினைத்திருக்கவில்லை.

"நாளைக்கு ஜெட்டிக்குப் போவோம். அவிய மொகத்துக்கு நேரா நான் பேசணும்" என்றாள்.

ஜெட்டியில் பேச வேண்டியதை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு முகம் இன்னும் வாடியது.

ஜூன் 17, சனி

இன்று நடந்தது வரலாறு. முழுவதையும் எழுதுகிறேன்.

வலைக் கொட்டகையில் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கித்தேரியான் அண்ணன் நடுவில், வெற்றிலை மென்றபடி. ஓரத்தில் டெல்வின், இரண்டு நாளாகச் சவரம் பண்ணாத முகம். ஆஷ்லின் நேராகப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, அந்தப் பாட்டு நான் எழுதினது. பொறாமையில எழுதினேன். எம்மேல தப்பு. நீங்க போட்டுல ஏறணும்."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். "ஒம்மேல கோவம் இல்ல மக்கா. ஒங்க அப்பனோட ஒரே போட்டுல போனவன் நான். ஆனா தண்ணி தொடும்போது சொன்ன சொல்லு. எம் உசுருக்குப் பயந்து போகலன்னு நெனைக்காத. எனக்குப் பேரன் பேத்தி இருக்கு."

"ஒரு வார்த்தைதான அது."

"ஒரு வார்த்தைக்குப் பெலம் இல்லன்னா அத எதுக்குப் பாட்டுல வச்ச?"

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன்.

"அண்ணே, எண்பத்தேழுல மணப்பாட்டுல நடந்தது ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

மணப்பாட்டில் சந்தியாகு என்றொரு படகு கட்டினார்கள். முப்பது அடிப் படகு. தண்ணீரில் இறக்கும் நேரம் படகுக்காரனின் மாமியார் வெற்றிலைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். மருமகனோடு சண்டை. மண்ணை வாரித் தூற்றி, கவிழ்ந்து போ, கரை சேராதே என்று ஊர் கேட்கத் திட்டினாள். ஆறு மாதம் யாரும் ஏறவில்லை. பிறகு ஒருநாள் வேறு வழியில்லாமல் ஏறினார்கள். முதல் வலையிலேயே சீலா மீன், வலை கிழிகிற அளவுக்கு. அந்த ஐம்பது அடிப் படகு தாழ்ந்துதான் கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் யார் புதுப்படகு விட்டாலும் அந்த மாமியாருக்குப் புதுச்சேலை எடுத்து, ரிக்‌ஷா வைத்து அழைத்து வந்து, ரெண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

கொட்டகை முழுவதும் சிரித்தது. கித்தேரியான் அண்ணன் சிரிக்கவில்லை, வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். மனம் மாறுவதற்கு அடையாளம் அது.

அப்போது பிரிசில்லா தூக்குச்சட்டியோடு வந்தாள், டெல்வினுக்குச் சாப்பாடு. ஆஷ்லினைப் பார்த்ததும் நின்றாள்.

"இங்கன என்னட்டி செய்யுத?"

"மன்னிப்பு கேக்க வந்தேன். ஒங்கிட்டயும்."

"எதுக்கு?"

"அந்தப் பாட்டு ஒன்னத்தான்..."

"தெரியும்." தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "ரெக்கார்டிங்ல ரெண்டாவது குரல் யாரு பாடினா? நாந்தான பாடினேன்."

"ஒனக்கு அப்பம் தெரியாதுன்னு நெனச்சேன்."

"ஏட்டி, நம்ம தெருவுல மாடி வீடு எங்க வீடு ஒண்ணுதான். வேற யாரப் பத்தி எழுதுவ நீ?"

"பெறவு ஏன் பாடின?"

பிரிசில்லா தன் புருஷனைப் பார்த்தாள், பிறகு படகைப் பார்த்தாள். "பாட்டு நல்லாருந்துச்சு. எரிச்சலாவும் இருந்துச்சு. நான் எவ்வளவுதான் பாடினாலும் எனக்கு இப்படி ஒரு வரி வராது. ஒனக்கு மட்டும் எங்கருந்துட்டி வருது?"

ஆஷ்லின் அழுதாள். பிரிசில்லாவும் அழுதாள், ஆனால் அவள் அழுவதும் சுருதி சேர்ந்துதான் இருந்தது. சீட்டாட வந்தவர்கள் எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வலையைப் பார்த்தார்கள்.

பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கித்தேரியான் அண்ணனிடம் திரும்பினாள். "மாமா, பாட்டு என்னையப் பத்தினது. எழுதினவ இவ. நாங்க ரெண்டு பேரும் போட்டுல ஏறுதோம். ஒங்களோட வாறோம். கவுந்தா எங்களோட சேந்து கவுரட்டும்."

"ஆமா, வாறோம்" என்றாள் ஆஷ்லின்.

அண்ணன் வெற்றிலையைத் துப்பினார். "நல்லாருக்கு. பாட்டுக்காரிய ரெண்டு பேர ஏத்திட்டுப் போனா, மீனெல்லாம் இலங்கைக்கு ஓடிரும். போங்கட்டி வீட்டுக்கு." டெல்வினைப் பார்த்து, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம விடியுமுன்ன போணும், ஐஸ் ஏத்தி வை" என்றார்.

வரும் வழியில் ஸ்கூட்டரில் ஆஷ்லினிடம் சொன்னேன், "பாத்தியாட்டி, மணப்பாட்டுக் கதைக்கு எவ்வளவு சக்தின்னு."

"ஆமா மாமா" என்றாள். காற்றில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. சிரித்த மாதிரியும் இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

பூசை. மட்டன். உறக்கம்.

ஜூன் 19, திங்கள்

படகு போயிற்று. பார்க்கப் போனோம். இன்னும் விடியவில்லை, என்ஜின் புகை வாசனை. கித்தேரியான் அண்ணன் ஏறும்போது சிலுவை போட்டுக்கொண்டார், வழக்கத்தைவிட இரண்டு தடவை அதிகம். ஆஷ்லின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டின கையைப் படகு மறையும் வரை அவிழ்க்கவில்லை.

பகல் முழுவதும் அவள் நம் கடையில்தான் இருந்தாள். ஒயர் சுற்றினாள், சுற்றினதை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். நான் சகஜமாக இருந்தேன். ஜெசிந்தா, நான் மூன்று தடவை ஜெட்டி வரை போய் வந்தேன் என்கிறாள். சிகரெட் வாங்கப் போனேன். நான் சிகரெட் குடிப்பதில்லை என்று அவள் சொல்வது வேறு விஷயம்.

இருட்டியதும் பிரிசில்லாவிடமிருந்து போன். வந்துவிட்டார்கள். ஆஷ்லின் போனை வைத்துவிட்டு, "பசிக்குது அத்தை" என்றாள். ஜெசிந்தா தோசை சுட்டுக்கொண்டே இருந்தாள், ஆஷ்லின் தின்றுகொண்டே இருந்தாள்.

ஜூன் 20, செவ்வாய்

டெல்வின் வீட்டிலிருந்து ஒரு சீலா மீன் வந்தது. முதல் நாளே படகு கொள்ளாத மீன். ஜெட்டியே மூச்சுவிட முடியாமல் திணறியது. (ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு, "டீசலுக்கும் கொஞ்சம் மேலயும்தான் கெடச்சிதாம்" என்று சொல்கிறாள். அதுவும் நல்ல மீன்தானே.)

குழம்பு அருமை.

ஜூன் 24, சனி

கல்லூரி மைதானத்தில் கச்சானின் கச்சேரி. மைக் செட் நாம்தான். மாணவர்கள் அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று கத்தினார்கள். ஆஷ்லின் வேறு பாட்டு, வேறு பாட்டு என்று தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் முடியாமல், தொடங்கினாள். மழை, மாடி எல்லாம் பாடினாள். மூன்றாவது அடி வந்ததும் மைக்கை விட்டுத் தள்ளி நின்று கிடாரை மட்டும் வாசித்தாள். அவள் பாடாவிட்டால் என்ன, மைதானம் முழுவதும் அந்த வரியைப் பாடியது. கை தட்டிக்கொண்டே.

கீழே இறங்கி வந்தவளுக்குச் சோடா கொடுத்தேன்.

"அது இனிமே என் பாட்டு இல்ல மாமா. நான் சொன்னாலும் கேக்காது."

இன்றைக்குத்தான் அந்தப் பாட்டை நான் முழுவதும் கேட்டேன். பேசாமல். பயங்கரமான பாட்டு. நல்ல பாட்டும்தான்.

ஜூன் 26, திங்கள்

ஆஷ்லின் காலையிலேயே கிடாரோடு வந்துவிட்டாள். புதுப்பாட்டு எழுதப்போகிறாளாம், பிரிசில்லாவும் சேர்ந்து பாடப்போகிறாளாம். என்ன பாட்டு என்றேன்.

"சந்தியாகு. ஒங்க மணப்பாட்டுப் போட்டு. திட்டு வாங்கின போட்டு, ஆறு மாசம் கரையில கெடந்து, பெறவு மீனோட வருது. அந்த மாமியாக்காரிக்குத்தான் கோரஸ்." இரண்டு வரி வாசித்தும் காட்டினாள். உடம்பு சிலிர்த்தது. "மாமா, அந்தப் போட்டுக்காரர் குடும்பம் இப்பம் மணப்பாட்டுல எந்தத் தெரு? மேடையில பேரச் சொல்லணும்ல. முன்னாடியே போய் அவியட்ட கேட்டுரணும். மறுபடி ஒருத்தர நோகடிக்க மாட்டேன்."

நான் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"எந்தத் தெரு மாமா?"

ஏதாவது ஒரு தெருவைச் சொல்வது எனக்குப் பெரிய காரியம் இல்லை. வாய் வரை வந்தது. ஆனால் இவள் போவாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, உங்கள் மாமியார் திட்டினாரா என்று கேட்பாள்.

"அப்படி ஒரு தெரு இல்லட்டி" என்றேன்.

"சரி. எந்த வீடு?"

"வீடும் இல்ல."

அவள் கிடாரை மடியில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஜெசிந்தா அடுப்படியிலிருந்து ஓடி வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"நெனச்சேன் மாமா. கதை தொடங்கும்போது முப்பது அடிப் போட்டு. முடியும்போது அம்பது அடி. கித்தேரியான் பெரியப்பாவும் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாவ."

"அப்போ பாட்ட விட்டுரப் போறியா?"

"எதுக்கு விடணும்? இல்லாத போட்டு, இல்லாத மாமியா. எப்படி வேணும்னாலும் பாடலாம். மார்க்கெட்டுல யார் பின்னாலயும் நின்னு எவனும் பாட முடியாது. இந்த மாதிரி ஆளத்தான் மாமா நான் தேடிட்டு இருந்தேன்." கிடாரை எடுத்தாள். "இன்னும் சொல்லுங்க. அந்த மாமியா வெத்தல பெட்டிக்குள்ள என்ன வச்சிருந்தா?"

மதியம் வரை சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

பின்னால் இதைப் படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக இங்கேயும் எழுதிவிடுகிறேன். மணப்பாட்டில் சந்தியாகு என்று ஒரு படகு கிடையாது. நான் மணப்பாட்டுக்கே போனதில்லை.